ஜி கம்பி ஏன் திரும்பி வரவில்லை: மூன்று ட்ரெமோலோக்களைப் பிரித்துப் பார்த்த பதிவு

என் ஸ்ட்ராட் (ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) வகை எலெக்ட்ரிக் கிட்டாரில், கம்பிகளின் சுருதியை ஏற்றி இறக்கும் ட்ரெமோலோ கைப்பிடியை ஒரு தடவை ஆழமாக அமுக்கிவிட்டு விட்டால் ஜி கம்பி 12 சென்ட் ஏறி நிற்கும். ஒரு அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்பது கணக்கு. அப்படிப் பார்த்தால் 12 பெரிய எண் இல்லை. ஆனால் அதற்கு அடுத்து ஒரு டி மேஜர் பிடித்தால் சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி இருக்கும். நான் வார இறுதிகளில் ஒரு கல்யாண மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறவன். மேடையில் இது நடக்கும்போதெல்லாம் கீபோர்டுத் தம்பி திரும்பிப் பார்த்து, "அண்ணே, சுருதி" என்று உதட்டை மட்டும் அசைப்பான். இரண்டு வருடமாக இதற்கு நான் கண்டுபிடித்திருந்த வைத்தியம், கைப்பிடியைக் கழற்றிப் பையில் போட்டு வைப்பது.

ஆடி மாதம் வந்தது. கல்யாணம் இல்லை, எங்களுக்கு வேலையும் இல்லை. சரி, பிரித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என் ஸ்ட்ராட் ஒன்று. பழைய விலைக்கு வாங்கிப் பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்த, கம்பியை இரண்டு முனையிலும் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸ் அமைப்பை உரிமம் வாங்கி வேறொரு கம்பெனி செய்த பிரிட்ஜ் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி) உள்ள கிட்டார் ஒன்று. இது தெரிந்ததும் எங்கள் பேஸ் வாசிக்கும் அண்ணன், பிக்ஸ்பி என்ற இன்னொரு வகை ட்ரெமோலோ மாட்டிய தன்னுடைய கிட்டாரையும் கொண்டுவந்து சோபாவில் சாய்த்துவிட்டுப் போனார். "சும்மாதானே இருக்கீங்க, இதையும் பாத்துடுங்க."

முதலில் பெயர்க் குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடியை ஆட்டினால் சுரம் ஏறி இறங்குகிறது. இசைச் சொல்படி அது விப்ராட்டோ. ட்ரெமோலோ என்பது சத்தம் கூடிக் குறைவது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது லியோ ஃபெண்டர் இதற்குச் சூட்டிய பெயர் 'சிங்க்ரனைஸ்டு ட்ரெமோலோ'. அதே கம்பெனியின் பல ஆம்ப்ளிஃபையர்களில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்கு 'விப்ராட்டோ' என்று பெயர் அச்சடித்தார்கள். இரண்டு பெயரும் இடம் மாறிப்போய் எழுபது வருடம் ஆகிவிட்டது. நானும் ட்ரெமோலோ என்றே எழுதுகிறேன்.

சோதனை முறை எளிது. பிடித்துக்கொள்ளும் டியூனரை ஹெட்ஸ்டாக்கில், அதாவது கிட்டாரின் தலையில், மாட்டி, ஆறு கம்பிக்கும் சுருதி சேர்த்து, கைப்பிடியை அமுக்கி விட்டு, ஒவ்வொரு கம்பியும் எத்தனை சென்ட் தள்ளி நிற்கிறது என்று எழுதுவது. பிறகு கைப்பிடியை மேலே இழுத்து விட்டு மறுபடி எழுதுவது. பள்ளிக்கூட நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி. இந்த இரண்டு பத்திகள் இல்லாமல் நான் எதையும் கண்டுபிடித்திருக்க மாட்டேன், ஏனென்றால் கம்பி எந்தத் திசையில் தவறுகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது.

கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் பள்ளங்களில் உட்காரும் சின்னக் கட்டைக்குப் பெயர் நட். கைப்பிடியை அமுக்கும்போது நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் உள்ள கம்பி தளர்கிறது. நட்டுக்கு அந்தப் பக்கம், கம்பியை முறுக்கும் டியூனிங் பெக் வரை உள்ள சின்னத் துண்டில் இழுவிசை அப்படியே இருக்கிறது. அது தளர்ந்த கம்பியைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். கைப்பிடியை விட்டதும் இழுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நட்டின் பள்ளம் கம்பியைக் கவ்விக்கொண்டால் கொடுக்காது. வாசிக்கும் பகுதியில் கம்பி குறைந்துவிட்டது, ஆகவே சுருதி ஏறி நிற்கும். கைப்பிடியை மேலே இழுத்தாலோ, விரலால் கம்பியை வளைத்தாலோ கதை தலைகீழ்: நட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த கம்பி திரும்பிப் போகாமல் நின்று, சுருதி இறங்கும். அமுக்கினால் ஏற்றம், இழுத்தால் இறக்கம், அதுவும் ஒரே ஒரு கம்பியில் என்றால் அந்தக் கம்பியின் பாதையில் எங்கோ உராய்வு இருக்கிறது. முக்கால்வாசி நேரம் நட். ஆறு கம்பியும் சேர்ந்து ஒரே பக்கம் தள்ளிப் போனால் அது வேறு நோய். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

என் ஸ்ட்ராட் நோட்டில் ஜி கம்பி அமுக்கினால் 12 ஏற்றம், இழுத்தால் 9 இறக்கம். டி கம்பி 6, 5. மற்றவை இரண்டு மூன்று. பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்த மாதிரியான நட் கோளாறு. இன்னொரு அறிகுறியும் ரொம்ப நாளாக இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை: பெக்கைத் திருகும்போது ஜி கம்பி மட்டும் 'டிங்' என்று ஒரு சத்தம் போட்டுத் தாவும். கவ்வி நின்று, பிறகு விடுபடுகிற சத்தம்.

காரணம் என் கையால் நடந்ததுதான். கிட்டார் வந்தபோது அதில் 9-42 கம்பி (மிக மெல்லியது, மிகத் தடித்தது இரண்டின் தடிமன்). பிறகு நான் 10-46க்கு மாறினேன். ஜி கம்பி அங்குலத்தில் ஆயிரத்துக்கு 16இல் இருந்து 17 ஆனது, டி 24இல் இருந்து 26, ஏ 32இல் இருந்து 36. பள்ளம் மட்டும் பழைய அளவு. செருப்பு ஒரு சைஸ் சின்னதாக இருந்தால் நடக்கலாம், ஓட முடியாது.

முதலில் எல்லோரும் சொல்வதைச் செய்தேன். 2பி பென்சிலைக் கூராகச் சீவிப் பள்ளங்களில் கரியைத் தேய்த்தேன். 12 என்பது 7 ஆனது. கரி உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆனால் இறுக்கமான பள்ளத்தில் அது பூச்சு வேலை. பள்ளத்தைச் சரியாக அகலப்படுத்த நட் அரம் என்று தனியாக, கம்பி அளவுக்கு ஒன்றாக, விற்கிறார்கள். அதன் விலைக்கு ஒரு சுமாரான கிட்டாரே வாங்கலாம். அதனால் பழைய 9 செட்டில் இருந்து மெல்லிய கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் 600ஆம் நம்பர் உப்புத்தாளை மடித்துச் சுற்றி, பள்ளத்தில் முன்னும் பின்னும் இழுத்தேன். கவனிக்க வேண்டியது கோணம். பள்ளம் ஹெட்ஸ்டாக் பக்கம் லேசாகச் சரிந்து போக வேண்டும், கம்பி முதலில் தொடும் இடம் ஃபிரெட்போர்டு (விரல் வைக்கும் பலகை) பக்க விளிம்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிதார் மாதிரி கரகரக்கும். பத்து இழுப்பு, கம்பியை மாட்டிப் பார், மறுபடி பத்து இழுப்பு. பக்கச் சுவர்தான் அகல வேண்டும், அடி ஆழமாகக் கூடாது.

ஜி பள்ளத்தில் இதை ஒழுங்காகச் செய்தேன். வெற்றி மிதப்பில் டி பள்ளத்தில் எண்ணாமல் இழுத்துவிட்டேன். மாட்டிப் பார்த்தால் விரல் வைக்காத டி கம்பி முதல் ஃபிரெட்டில், அதாவது அந்தப் பலகையின் முதல் உலோகப் பட்டையில், மோதி ஜிர்ர் என்றது. அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இதற்கும் ஒரு பழைய கைவைத்தியம் உண்டு: பள்ளத்தில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவை அமுக்கி வைத்து, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக். நொடியில் சூடாகிக் கல்லாக இறுகிவிடும், கொஞ்சம் புகையும், மூக்கைத் தள்ளி வைத்துக்கொள்ளவும். ஃபிரெட்போர்டில் வழியாமல் இருக்கச் சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தேன். ஆறியதும் மறுபடி பள்ளம் எடுத்தேன், இந்த முறை எண்ணிக்கொண்டே. அந்தச் சோடாப் பள்ளம் இன்றுவரை நிற்கிறது. நிரந்தரம் என்று சொல்ல மாட்டேன், எலும்பில் செய்த புது நட் வாங்கிப் போடுவதுதான் முறை.

நட் முடிந்ததும் ஜி கம்பி 4க்கு வந்தது. மீதி நாலு எங்கே? ஹெட்ஸ்டாக்கில் கம்பியை அழுத்திப் பிடிக்கும் சின்னக் கொக்கி, ஸ்ட்ரிங் ட்ரீ என்பார்கள், ஸ்ட்ராட்டில் அதுவும் உராயும் இடம். என் கிட்டாரில் மெல்லிய இரண்டு கம்பிகளுக்கு ஒன்று, டி-ஜி கம்பிகளுக்கு இன்னொன்று. இரண்டாவதன் அடியில் ஒரு வெட்டுக் காயமே விழுந்திருந்தது. 1000 உப்புத்தாளில் வழவழப்பாக்கி, கீழே ஒரு சின்ன வாஷர் வைத்து உயர்த்தினேன். அழுத்தம் குறைந்தது, உராய்வும் குறைந்தது.

அப்புறம் பெக்கில் சுற்று. நான் கஞ்சத்தனமாகக் கம்பியை வெட்டாமல் ஆறேழு சுற்று சுற்றுகிற ஆள். கைப்பிடி ஆடும்போது ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் இறுகித் தளர்கிறது. மெல்லிய கம்பிக்கு மூன்று, தடித்த கம்பிக்கு இரண்டு போதும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி வரிசையாக. கம்பியைத் தானே இறுக்கிப் பிடிக்கும் பூட்டும் பெக் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை, சுற்றே தேவைப்படாது. புதுக் கம்பி மாட்டியதும் பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேல் பிடித்து மெதுவாக இழுத்து விட்டு, சுருதி சேர்த்து, மறுபடி இழுத்து, இறங்காமல் நிற்கும்வரை செய்ய வேண்டும். கம்பியின் அடியில் குண்டைச் சுற்றியுள்ள முறுக்குத் தன் இடத்தில் உட்காரவும் இது உதவுகிறது. நாலைந்து தடவைக்குப் பிறகு நின்றுவிடும். இதைச் செய்யாமல் ட்ரெமோலோவைத் திட்டுகிறவர்கள் பாதிப் பேர். அதில் நானும் ஒருவனாக இருந்தேன்.

இப்போது பிரிட்ஜ். பழைய மாதிரி ஸ்ட்ராட் ட்ரெமோலோ முன்விளிம்பில் ஆறு திருகில் நிற்கும். 1980களின் பிற்பகுதியில் வந்த அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் அது இரண்டு தூண்களாக மாறியது. ஆறு திருகு மோசம், இரண்டு தூண் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அது பாதிதான் உண்மை. ஆறையும் இறுக்கி வைத்தால் தகடு ஆறு இடத்தில் உரசும். என்னுடையதில் முன்பு வைத்திருந்தவர் ஆறையும் மரத்தோடு மரமாக முறுக்கி வைத்திருந்தார். நான் செய்தது: கம்பிகளைத் தளர்த்தி, ஓரத்தில் உள்ள இரண்டு திருகை மட்டும் தகட்டைத் தொடும்வரை இறக்கி, தகட்டின் பின்பக்கம் எழும்பத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, ஒரு மயிரிழை திரும்ப எடுத்தேன். நடுவில் உள்ள நாலையும் அதைவிட அரைச் சுற்று மேலே வைத்தேன். வேலை செய்வது ஓரத்து இரண்டு, நடு நாலும் காவலுக்கு. ஆறு திருகு இரண்டு தூணாகிவிட்டது, செலவு இல்லாமல்.

பின்மூடியைத் திறந்தால் துரு. திருவான்மியூர்க் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. ஸ்பிரிங்குகளை மாட்டும் கொக்கித் தகட்டின் இரண்டு நீளத் திருகும் மரத்தோடு ஒட்டிப்போய் இருந்தன. சரியான அளவு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் இதைத் தொட வேண்டாம், தலை வழுக்கிவிட்டால் பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வைத்தேன், காலையில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. அந்தத் தகட்டில் ஈயம் வைத்த எர்த் வயர் ஒன்று இருக்கும், அதை இழுத்துவிட்டால் ஆம்ப் இரைய ஆரம்பிக்கும்.

10-46 கம்பிகள் ஆறும் சேர்ந்து சுமார் 46 கிலோ இழுக்கின்றன, கிட்டத்தட்ட இரண்டு சிப்பம் அரிசி. அதை எதிர்த்துப் பின்னால் ஸ்பிரிங்குகள். பிரிட்ஜ் நடுவில் தராசு முள் மாதிரி நிற்கிறது. திருகை இறுக்கினால் பிரிட்ஜ் மரத்தை நோக்கி அமரும், தளர்த்தினால் எழும்பும். மூன்று ஸ்பிரிங் போட்டேன். பின்விளிம்பு மரத்தில் இருந்து எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.2 மில்லிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும் என்பது ஆறு திருகு மாதிரிக்கு ஃபெண்டரின் சொந்த அளவு. நம்ம ஆசாரிகள் கணக்கில் சரியாக ஒரு நூல். கால் சுற்று இறுக்கு, எல்லாக் கம்பிக்கும் சுருதி சேர், அள, மறுபடி கால் சுற்று. அவசரப்பட்டால் ஒரு மணி நேரம், பொறுமையாகச் செய்தால் இருபது நிமிடம். உயரம் நின்ற பிறகுதான் சாடில்களை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சின்னத் துண்டுகள்) நகர்த்தி பன்னிரண்டாம் ஃபிரெட் சுருதியைச் சரிபார்த்தேன். முதலில் செய்தால் இரட்டை வேலை.

கைப்பிடி அதன் துளையில் லொடலொட என்று ஆடுவதற்கு பிளம்பர் கடை டெஃப்லான் டேப், மரையில் இரண்டு சுற்று.

கடைசியில் நோட்டில் எழுதியது: ஜி கம்பி அமுக்கினால் 2 ஏற்றம், இழுத்தால் 2 இறக்கம். டி ஒன்று. மற்றவை ஊசி அசையவில்லை. மிச்சமிருக்கும் இரண்டு சென்ட்டுக்கும் ஒரு கைத்தந்திரம் இருக்கிறது. சுருதி சேர்ப்பதற்கு முன்பே ஒரு முறை கைப்பிடியை அமுக்கிவிட்டுச் சேர்ப்பது. கம்பியை வளைத்து வாசித்து அது சற்று இறங்கினால், பாட்டின் இடைவெளியில் கைப்பிடியை ஒரு தட்டு தட்டினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். எப்போதும் ஒரே பக்கத்தில் இருந்து திரும்பி வரும்படி பழக்குகிறோம்.

சரிசெய்யவே முடியாத ஒன்றும் உண்டு. இப்படி மரத்தைத் தொடாமல் மிதக்கும் பிரிட்ஜில் ஜி கம்பியை ஒரு முழுச் சுரம் வளைத்தால் மற்ற ஐந்தும் இறங்கும். தராசில் ஒரு தட்டில் எடை கூடினால் முள் சாயத்தானே செய்யும்? ஒரு கம்பியை வளைத்து, பக்கத்துக் கம்பியைத் திறந்து வைத்து வாசிக்கும் துண்டுகள் இதனாலேயே அசிங்கமாகக் கேட்கும். ராக் கிட்டார்க் கலைஞர் எரிக் கிளாப்டன் தன் ஸ்ட்ராட்டில் ஐந்து ஸ்பிரிங்கும் போட்டு, பின்னால் மரத்துண்டைச் செருகி ட்ரெமோலோவை அசையாமல் நிறுத்திவிட்டார். இன்னொரு கலைஞர் ஜெஃப் பெக் நேரெதிர்: உருளைகள் வைத்த நட், மிதக்கும் பிரிட்ஜ், கை எப்போதும் கைப்பிடியில். அவர் ஒரு சுரத்தில் இருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போவதைக் கேட்டால் வீணையில் இழுத்து வாசிக்கும் ஜாரு ஞாபகம் வரும். ஒரே கருவி, இரண்டு பேரும் சரி.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது குவீன் குழுவின் கிட்டார்க் கலைஞர் பிரையன் மே அடிக்கடி நினைவுக்கு வந்தார். 1963இல் பதின்ம வயதுப் பையனாக அப்பாவுடன் சேர்ந்து வீட்டில் செய்யத் தொடங்கிய கிட்டார்தான் இன்றும் அவர் கையில் இருப்பது. கழுத்து மரம் ஒரு பழைய கணப்பின் சட்டத்தில் இருந்து வந்தது. ட்ரெமோலோவுக்கு ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். கைப்பிடி சைக்கிள் பையைத் தாங்கும் கம்பி, அதன் நுனியில் அம்மாவின் பின்னல் ஊசித் துண்டு. பொதுவாக இந்தப் பழைய சாமான் கதையைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதுவல்ல. அந்தப் பையன் உராய்வு எங்கெல்லாம் இருக்கும் என்று முன்கூட்டியே யோசித்திருக்கிறார்: பிரிட்ஜ் கத்திமுனை மேல் ஆடுகிறது, சாடிலில் கம்பி உருளைமேல் போகிறது, மறுமுனையில் கம்பியின் உயரத்தைத் தாங்க நட்டுக்குப் பதில் ஒரு ஜீரோ ஃபிரெட் (முதல் ஃபிரெட்டுக்கு முன்னால் இன்னொன்று), அங்கிருந்து பெக்குக்குக் கம்பி கிட்டத்தட்ட நேராகப் போகிறது. நான் இரண்டு வாரம் உப்புத்தாளோடு மல்லுக்கட்டிய எல்லா இடங்களையும் அவர் வரைபடத்திலேயே மூடிவிட்டார்.

ஃபிளாய்ட் ரோஸ் வேறு வழியில் போனார். அவரும் ஒரு கிட்டார் வாசிப்பவர், நகை வேலையும் தெரிந்தவர். கம்பி நட்டில் வழுக்குவதுதான் பிரச்சினை என்றால், வழுக்கவே விடாமல் அங்கேயே இறுக்கிவிடு. நட்டில் ஒரு பூட்டு, சாடிலில் ஒரு பூட்டு, நடுவில் உள்ள கம்பிக்கு வெளியுலகத் தொடர்பே கிடையாது. காப்புரிமை 1979இல் கிடைத்தது. நட்டைப் பூட்டிய பிறகு பெக்கால் சுருதி சேர்க்க முடியாதே என்ற சிக்கலுக்குப் பிறகு பிரிட்ஜின் வாலில் நுண் திருகுகள் வந்தன. வீணையில் நாகபாசத்துக்குப் பக்கத்தில் லங்கர் வளையத்தை நகர்த்தி நுண்சுருதி சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது.

அப்படியென்றால் என் பூட்டு ட்ரெமோலோ ஏன் சுருதி விடுகிறது? நோட்டைப் பார்த்ததும் புரிந்தது. அமுக்கினால் ஆறு கம்பியும் 8 முதல் 10 சென்ட் இறக்கம். இழுத்தால் ஆறும் ஏற்றம். மேலே சொன்ன வேறு நோய் இதுதான். கம்பி ஒழுங்காக இருக்கிறது, பிரிட்ஜே பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

முதல் சந்தேகம் கத்திமுனை. இரண்டு தூண்களின் பள்ளத்தில் பிரிட்ஜின் கூரான விளிம்பு சாய்ந்து ஆடுகிறது. அது மழுங்கினாலோ, தூணில் குழி விழுந்தாலோ இடம் மாறி உட்காரும். கழற்றிப் பார்த்தால் விளிம்பில் ஒரு சின்னப் பல் பெயர்ந்த அடையாளம். இது பெரும்பாலும் கம்பி இறுக்கமாக இருக்கும்போதே தூணைத் திருகி உயரம் மாற்றுவதால் வருகிறது. கம்பியைத் தளர்த்திவிட்டுத்தான் தூணைத் தொட வேண்டும். விளிம்பை மெல்லிய அரத்தால் தொட்டும் தொடாமலும் சீராக்கினேன். இதில் நான் ரொம்பப் பெருமைப்பட ஒன்றுமில்லை, மேல்பூச்சு போல் கடினமாக்கிய எஃகில் அரம் போடப்போட உள்ளே மென்மையான உலோகம்தான் வரும். தூண்களை அரைச் சுற்று திருப்பித் தேயாத பக்கத்தைக் கத்திமுனைக்குக் காட்டியது அதைவிடப் புத்திசாலித்தனமான வேலை. ஒரு துளி எண்ணெய்.

10 என்பது 7 ஆனது. அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, கம்பியில்லாமல் தூணை விரலால் ஆட்டிப் பார்த்தபோது தடித்த கம்பிப் பக்கத் தூண் பல் ஆடுகிற மாதிரி ஆடியது. தூண் நேராக மரத்தில் இல்லை, மரத்தில் ஒரு உலோகக் குழல், அதற்குள் தூண். குழலின் துளை கழுத்துப் பக்கமாக நசுங்கியிருந்தது. பல வருடம் இரண்டு சிப்பம் அரிசி இழுத்தால் மரம் என்ன செய்யும்?

குழலை வெளியே எடுக்க ஒரு வழி: அதற்குள் சின்ன இரும்புத் துண்டைப் போட்டு, தூணை அதன்மேல் திருகிக்கொண்டே போனால் குழல் தானாக மேலேறி வரும். எங்கள் தெரு ஆசாரியிடம் காட்டினேன். துளையைச் சுண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல பசையை ஊத்தி ரொப்பிட்டா மறுபடி ஆடும். மரத்துக்கு மரம்தான் வைக்கணும்" என்றார். தேக்கில் ஒரு காகிதம் போலச் சீவி, நசுங்கிய பக்கம் மட்டும் மரப்பசையில் ஒட்டி, ஒரு நாள் காயவிட்டு, குழலைச் சுத்தியலால் அடிக்காமல் கிளாம்ப் வைத்து மெல்ல இறக்கினார். காசு வாங்கவில்லை. கிட்டாரில் 'காதல் ஓவியம்' வாசிக்கச் சொன்னார். கம்பி மாட்டாத கிட்டார் என்று சொல்லித் தப்பித்தேன்.

மாட்டிச் சுருதி சேர்ப்பதுதான் இந்த அமைப்பில் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும், ஆறாவதை முடிக்கும்போது முதலாவது எங்கோ இருக்கும். நான் செய்வது: பின்னால் பிரிட்ஜின் அடியில் உள்ள ட்ரெமோலோ கட்டைக்கும் வால்பக்கச் சுவருக்கும் நடுவில் மரச்சீவலைச் செருகி, பிரிட்ஜ் மேல்பரப்புக்கு இணையாக நிற்கும்படி முட்டுக்கொடுக்கிறேன். அப்போது அது சாதாரணக் கிட்டார், ஆறு கம்பிக்கும் நிம்மதியாகச் சுருதி சேர்க்கலாம், இழுத்துப் பழக்கலாம். பிறகு ஸ்பிரிங் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ஒரு கட்டத்தில் முட்டுக்கட்டை பிடி விட்டுத் தானாக விழும். அந்தப் புள்ளியில் கம்பியும் ஸ்பிரிங்கும் சமம், சுருதியும் சரியாக இருக்கும். நுண் திருகுகளை நடுவில் வைத்துவிட்டு நட்டைப் பூட்ட வேண்டும். பூட்டும்போது சுருதி ஏறினால் நட்டுக்குப் பின்னால் உள்ள குறுக்குப் பட்டை கம்பியைப் போதுமான அளவு அழுத்தவில்லை என்று அர்த்தம். 3 மில்லிமீட்டர் அலன் கீயைக் கைமுழு பலத்தோடு முறுக்க வேண்டாம், மரை போய்விடும்.

முடிவு: அமுக்கினாலும் இழுத்தாலும் ஒரு சென்ட். கம்பி தொங்கும்வரை அமுக்கிவிட்டு விட்டாலும் அதேதான். இந்த விஷயத்தில் மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. ஆனாலும் இதை நான் கல்யாணத்துக்கு எடுத்துப் போக மாட்டேன். மேடையில் ஒரு கம்பி அறுந்தால் மீதி ஐந்தும் ஏறிக்கொள்ளும், அதோடு அந்தப் பாட்டு முடிந்தது. மாற்றுக் கம்பியின் குண்டை வெட்டி, சாடிலில் இறுக்கி, நட்டைப் பூட்டுவதற்குள் பந்தியே முடிந்துவிடும். பாடகர் கடைசி நேரத்தில் அரைக் கட்டை இறக்கிப் பாடலாம் என்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும்.

பிக்ஸ்பிக்கு வருவோம். மூன்றில் இதுதான் வயதில் பெரியவர். மெர்ல் டிராவிஸ் என்ற கிட்டார்க் கலைஞர், சுருதி நிற்காத தன் பழைய விப்ரோலாவைச் சரிசெய்து தரச் சொல்லி, மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரும் உலோக வேலைக்காரருமான பால் பிக்ஸ்பியிடம் கொண்டுபோனார். பிக்ஸ்பி புதிதாக ஒன்றையே செய்துவிட்டார். ஒரு உருளை, அதில் ஊசி மாதிரி ஆறு முளை, கைப்பிடிக்கு அடியில் ஒற்றை ஸ்பிரிங். பெரிய தாவல் எல்லாம் கிடையாது, அரைச் சுரம், கூடினால் கொஞ்சம் மேலே. தண்ணீரில் அலை விழுகிற மாதிரி ஒரு நடுக்கம். அதற்காகத்தான் அதை வாங்குகிறார்கள்.

பேஸ் அண்ணனின் கிட்டாரில் பி கம்பி அமுக்கினால் 9 ஏறியது. நட்டில் கரி போட்டும் மாறவில்லை. இதில் பிரிட்ஜும் உருளையும் தனித்தனி. அதனால் கம்பி நட்டில் வழுக்குவது போலவே சாடில் மேலும் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். ஸ்ட்ராட்டில் சாடிலும் கம்பியோடு சேர்ந்தே ஆடுவதால் அந்த உரசல் குறைவு. பி சாடிலில் கூர்மையான வெட்டுப் பள்ளம். அதை வட்டமாக்கி, வழவழப்பாக்கி, பென்சில் கரியை வாசலினில் குழைத்து ஊசி நுனியால் வைத்தேன். 4க்கு வந்தது. உருளைச் சாடில் உள்ள பிரிட்ஜ் போட்டால் இன்னும் குறையும் என்று சொன்னேன். "இது போதும், நான் என்ன ஆட்டிக்கிட்டா இருக்கப்போறேன்" என்றார் அண்ணன். சரிசெய்யச் சொன்னவரே அவர்தான்.

கம்பி மாற்றுவதற்கு ஒரு குறிப்பு: முளையில் குண்டை மாட்டிவிட்டுப் பெக் பக்கம் போவதற்குள் அது கழன்று விழும். மாட்டும் முன்பே கம்பியின் நுனியை ஒரு பென்சிலில் சுற்றி வளைத்து வைத்தால் உருளையைப் பிடித்துக்கொள்ளும். இது தெரியாமல் முதல் நாள் ஒரு கம்பிக்குக் கால் மணி நேரம் செலவழித்தேன்.

மேடைக்கு ஸ்ட்ராட்தான். வீட்டில் மிதக்கவிட்டு வாசித்த அதையே, கச்சேரிக்காக நாலாவது ஸ்பிரிங் போட்டு மரத்தோடு அமர்த்திவிட்டேன். மேலே இழுக்க முடியாது, கீழே மட்டும் போகும், ஆனால் கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது. வெளியே ஆவணி வெயில், மண்டபத்துக்குள் ஏசி, மேடை விளக்குச் சூடு என்று மூன்று பருவத்தையும் ஒரே சாயங்காலத்தில் பார்க்கிற கிட்டாருக்கு அதுதான் நல்லது. போனதும் பெட்டியைத் திறந்து இருபது நிமிடம் சும்மா வைத்துவிட்டுத்தான் சுருதி சேர்க்கிறேன்.

பின்மூடியைத் திரும்பப் போடவில்லை, அந்தத் திருகுகளும் துருவில் போய்விட்டன. திறந்த பள்ளத்தின் ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்: '10-46. மேடைக்கு 4 ஸ்பிரிங், அமர்ந்து. வீட்டுக்கு 3, ஒரு நூல். டி பள்ளம் சோடா, தோண்டாதே.'